பல்லை அடைக்கப் போனால் டாக்டர் ஏன் குடைகிறார்? சிமெண்ட் நிற்பதும் விழுவதும் அந்தக் குழியில்தான்!

தேனி:

கம்பம் பள்ளத்தாக்கில் விடியும் முன்பே வேலை தொடங்கி விடும். கம்பம், கூடலூர், போடி பகுதிகளில் இருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலை ஏறும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து, மருந்தடிப்பு என்று ஆட்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள்.

இந்த ஓட்டத்தில் பல்வலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் குறைவு. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இரவில் வலித்தால் மெடிக்கல் ஷாப் மாத்திரை. கடைசியில் கன்னம் வீங்கி, தாங்கவே முடியாத நிலையில் டாக்டரிடம் போய், "பிடுங்கி விட்ருங்க டாக்டர்" என்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன்பே வந்திருந்தால் அந்தப் பல்லை ஒரே தடவையில் அடைத்து அனுப்பியிருக்கலாம்.

சரி, அடைக்கப் போனவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா என்றால் அவர்களிடமும் இரண்டு குறைகள் உண்டு. "சின்ன ஓட்டைன்னுதான் போனேன். குடைஞ்சு பெருசாக்கிட்டாரு" என்பது ஒன்று. "அடைச்ச சிமெண்டு மூணு மாசத்துல விழுந்து போச்சு" என்பது இன்னொன்று.

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சிமெண்டை வைக்கும் முன் டாக்டர் பல்லில் குழியை எப்படித் தயார் செய்கிறார் என்பதுதான் அது.

வெளியே புள்ளி, உள்ளே பள்ளம்

பல்லின் மேல் ஓடு எனாமல். நம் உடம்பில் எலும்பை விடவும் கெட்டியான பொருள் இதுதான். அதற்குக் கீழே டென்டின் என்ற அடுக்கு. இது எனாமலை விட மெதுவானது. நடுவில் ரத்தக்குழாயும் நரம்பும் உள்ள பற்கூழ்.

சாப்பிட்ட இனிப்பும் மாவுப்பொருளும் பல்லில் ஒட்டிக்கொண்டால் வாயில் உள்ள கிருமிகள் அதைத் தின்று அமிலம் விடும். அந்த அமிலம் எனாமலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் போய்விட்டால் சொத்தை பக்கவாட்டில் வேகமாகப் பரவும்.

கரையான் அரித்த நிலைக்கதவைப் பார்த்திருப்பீர்கள். வெளியே பெயிண்ட் பளபளக்கும். விரலால் குத்தினால் உள்ளே மண்ணாக இருக்கும். சொத்தைப் பல்லும் அப்படித்தான். மேலே கறுப்புப் புள்ளி தெரியும். உள்ளே பள்ளமே இருக்கும். டாக்டர் ஓட்டையைப் புதிதாகப் பெரிதாக்கவில்லை. ஏற்கனவே உள்ளே இருந்த பெரிய ஓட்டையைத் திறந்து காட்டுகிறார்.

கொத்தனார் சுவர் வெடிப்பை நிரப்பும் முன் பொருபொருத்த பூச்சைக் கொத்தித் தள்ளி விட்டுத்தான் கலவை வைப்பார். கொத்தாமல் மேலே பூசினால் அடுத்த மழையில் பெயர்ந்து விழும். பல்லிலும் அதே கதைதான்.

9 ஆயிரம் ஆண்டு பழைய வேலை

பல்லைக் குடைவது இன்று நேற்று வந்தது அல்ல. இப்போதைய பாகிஸ்தானில், பலுசிஸ்தான் பகுதியில் மெகர்கர் என்ற பழைய ஊர் தோண்டி எடுக்கப்பட்டது. அங்குள்ள இடுகாட்டில் 9 பேரின் 11 பற்களில் துளை போட்ட அடையாளம் இருந்தது. அவை 7,500 முதல் 9 ஆயிரம் ஆண்டுகள் பழமையானவை. சிக்கிமுக்கிக் கல் முனையால் குடைந்திருக்கிறார்கள். இந்த ஆய்வு 2006-ம் ஆண்டு வெளியானது.

ஆனால் இப்படித்தான் குடைய வேண்டும் என்று ஒழுங்காக விதி வகுத்தவர் அமெரிக்க டாக்டர் ஜி.வி.பிளாக். 1836-ல் பிறந்தவர். 1908-ல் இரண்டு பாகமாகப் பெரிய புத்தகம் எழுதினார். அவர் சொன்ன விதிகளைத்தான் இன்றும் பல் மருத்துவ மாணவர்கள் முதலில் படிக்கிறார்கள். சில விதிகள் காலத்தோடு மாறி விட்டன. அடிப்படை மாறவில்லை.

குழி எடுக்க 7 விதிகள்

முதல் விதி எல்லை போடுவது. எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று டாக்டர் முதலில் முடிவு செய்வார். குழியின் ஓரம் சொத்தை இல்லாத, உறுதியான பல்லில் முடிய வேண்டும். பாதி சொத்தையில் ஓரம் நின்றால் அதன் வழியாகவே கிருமி மறுபடி உள்ளே போகும்.

2-வது விதி தாங்கும் பலம். கடைவாய்ப் பல்லில் ஓங்கிக் கடித்தால் 50 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழும். அதைத் தாங்க குழியின் தரை சமமாக இருக்க வேண்டும். தரை உருண்டையாக இருந்தால் அடைப்பு ஆடும். உள் மூலைகள் கூராக இருக்கக்கூடாது. கூரான மூலையில்தான் பல் விரிசல் விடும். கீழே டென்டின் இல்லாமல் தொங்கும் எனாமல் ஓரத்தையும் எடுத்து விடுவார்கள். இல்லாவிட்டால் ஒரு முறுக்கைக் கடித்தாலே உடைந்து விடும்.

3-வது விதி பிடிமானம். அடைத்த பொருள் கழன்று வரக்கூடாது. குடத்தைப் பாருங்கள். வாய் குறுகல், வயிறு அகலம். வெள்ளி அடைப்புக்கான குழியும் அப்படித்தான் இருக்கும். மேலே கொஞ்சம் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் எடுப்பார்கள். உள்ளே போய் இறுகிய பொருள் வெளியே வர முடியாது.

4-வது விதி வசதி. கருவி போகவும், கண்ணுக்குத் தெரியவும், பொருளை அழுத்தி வைக்கவும் இடம் வேண்டும். அதற்குத் தேவையான அளவு மட்டும் திறப்பார்கள்.

5-வது விதி சொத்தையை எடுப்பது. சொத்தை ஏறிய டென்டின் நனைந்த அட்டை மாதிரி மெதுவாக இருக்கும். சின்னக் கரண்டி போன்ற கருவியால் சுரண்டினாலே வந்து விடும்.

6-வது விதி ஓரத்தைச் சரி செய்வது. பிசிறு இல்லாமல் ஓரம் வழவழப்பாக இருந்தால்தான் அடைப்பும் பல்லும் இடைவெளி இல்லாமல் சேரும்.

7-வது விதி கழுவிச் சுத்தம் செய்வது. குடைந்த தூள், எச்சில், ரத்தம் எதுவும் குழியில் இருக்கக்கூடாது.

இந்த ஏழும் முடிந்த பிறகுதான் அடைப்பு. சிமெண்ட் கலந்து வைக்கும் நேரத்தை விட குழியைத் தயார் செய்யும் நேரம் அதிகம் ஆவது இதனால்தான்.

பொருள் மாறினால் குழியும் மாறும்

"எந்த சிமெண்டு நல்லது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதை விட, அந்தப் பொருளுக்கு ஏற்ற குழியா என்பதுதான் முக்கியம்.

வெள்ளி அடைப்பில் சுமார் பாதி பாதரசம். மீதி வெள்ளி, தகரம், தாமிரம். இது பல்லில் ஒட்டாது. குழியின் வடிவம்தான் அதைப் பிடித்து வைக்கிறது. மெல்லிசாக இருந்தால் உடையும். அதனால் ஒன்றரை முதல் 2 மில்லி மீட்டர் ஆழம் வேண்டும். அதற்காக நல்ல பல்லிலும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும். கெட்டியானது, பல வருடம் உழைக்கும். ஆனால் பாதரசத்தால் சுற்றுச்சூழலுக்குக் கேடு என்பதால் மினமாட்டா ஒப்பந்தப்படி உலக நாடுகள் இதைக் குறைத்து வருகின்றன. இந்தியா 2018-ல் இந்த ஒப்பந்தத்தை ஏற்றது. 15 வயதுக்கு உட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு இதைத் தவிர்க்க வேண்டும் என்று 2022-ல் அந்த நாடுகள் முடிவு எடுத்தன. முன்பு வைத்த வெள்ளி அடைப்பு நன்றாக இருந்தால் பயந்துபோய் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

பல் நிறத்தில் வைப்பது காம்போசிட். இது ஒட்டும் ரகம். 1955-ல் அமெரிக்க டாக்டர் மைக்கேல் புவனோகோர் ஒரு வழி கண்டுபிடித்தார். எனாமலில் அமிலம் தடவினால் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உண்டாகும். பிசின் அதற்குள் புகுந்து இறுகிக்கொள்ளும். அதனால் குட வடிவம் தேவை இல்லை. சொத்தையை மட்டும் எடுத்தால் போதும், நல்ல பல் மிச்சமாகும். அமிலம் தடவி, கழுவி, பசை பூசி, 2 மில்லி மீட்டர் அளவுக்கு அடுக்கு அடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நீல ஒளி காட்டுவார்கள்.

காம்போசிட்டுக்கு எதிரி ஈரம். ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் ஒட்டாது. மூன்றே மாதத்தில் விழும் அடைப்புகளுக்கு இது முக்கியமான காரணம். இதனால்தான் டாக்டர் பஞ்சு வைக்கிறார். எச்சில் உறிஞ்சும் குழாயை வாயில் போடுகிறார். சில இடங்களில் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டுவார்கள். 1864-ல் வந்த பழைய யோசனை அது. இன்றும் அதை மிஞ்ச ஆள் இல்லை. நடுவில் எழுந்து துப்பாதீர்கள்.

மூன்றாவது கிளாஸ் அயனோமர். இங்கிலாந்தில் வில்சன், கென்ட் என்ற விஞ்ஞானிகள் 1972-ல் அறிவித்த பொருள். பல்லோடு தானாகவே ஒட்டும், புளோரைடும் விடும். ஆனால் தேயும். பால் பல்லுக்கும், ஈறு ஓரத்துப் பள்ளத்துக்கும் இது நல்ல பொருள்.

கரி, செங்கல்பொடி, உப்பு வைத்துப் பல் தேய்க்கிறவர்களுக்கும், பிரஷ்ஷை அழுத்தித் தேய்க்கிறவர்களுக்கும் ஈறு ஓரத்தில் பல் வெட்டுப்பட்டது போலத் தேய்ந்து இருக்கும். பச்சைத் தண்ணீர் பட்டாலே கூசும். இதற்குக் குடைய வேண்டிய வேலை மிகக் குறைவு. சுத்தம் செய்து ஒட்ட வைத்தாலே போதும்.

இரண்டு பல்லுக்கு நடுவில் சொத்தை

பிளாக் சொத்தையை இடத்தைப் பார்த்து 5 வகையாகப் பிரித்தார். கடைவாய்ப் பல்லின் மேல் வரிப்பள்ளம் முதல் வகை. கடைவாயில் இரண்டு பல் தொடும் பக்கம் 2-வது வகை. முன்பல்லின் பக்கவாட்டு 3-வது. முன்பல்லின் முனையும் சேர்ந்து போனால் 4-வது. ஈறு ஓரம் 5-வது.

இதில் தொந்தரவு கொடுப்பது 2-வது வகை. வெளியே தெரியாது. ஒரு பக்கம் உணவு சிக்கிக்கொண்டே இருக்கும். குச்சியை விட்டு நோண்டிக்கொண்டே இருப்பார்கள். எக்ஸ்ரே எடுத்தால்தான் பிடிபடும். இங்கே குழி எடுத்தால் பல்லின் ஒரு பக்கச் சுவரே இருக்காது. அதனால் மெல்லிய தகடு ஒன்றைச் சுற்றி, அடியில் ஆப்பு சொருகி, அதன் பிறகு அடைப்பார்கள். தகடு வைக்காமல் அடைத்தால் இரண்டு பல்லும் ஒட்டிப்போகும், அல்லது சந்து விழும். சந்து விழுந்தால் சோறு சிக்கும், ஈறு வீங்கும்.

எவ்வளவு ஆழம் போகலாம்?

கறுப்பு ஒரு பொட்டு கூட மிச்சம் இல்லாமல் எடுக்க வேண்டும் என்பது பழைய முறை. இப்போது அப்படி இல்லை. சொத்தை பற்கூழுக்குப் பக்கத்தில் போயிருந்தால், ஓரங்களை முழுக்கச் சுத்தம் செய்து விட்டு, பற்கூழுக்கு மேலே உள்ள கடைசிப் படலத்தை மட்டும் விட்டு, காற்றுப்புகாமல் அடைத்து விடுகிறார்கள். உள்ளே அடைபட்ட கிருமிக்குத் தீனி கிடைக்காது, சொத்தை நின்று விடும். முழுக்கக் குடைந்து பற்கூழைத் திறந்து விட்டால் வேர் சிகிச்சை வரை போக வேண்டி வரும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

குடையும் மெஷின் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். சூடு ஏறினால் பற்கூழ் செத்து விடும். அதனால்தான் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே குடைகிறார்கள். "வாயெல்லாம் தண்ணி" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தண்ணீர்தான் உங்கள் பல்லின் உயிர்.

வலிக்கு மரத்துப்போகும் ஊசி உண்டு. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லி விட வேண்டும்.

கிராம்பு என்ன செய்யும்?

கிராம்பு எண்ணெய்க்கு வலியை மரக்க வைக்கும் சக்தி உண்மையிலேயே உண்டு. டாக்டர்கள் வைக்கும் தற்காலிக சிமெண்டிலும் துத்தநாகப் பொடியோடு சேர்வது இந்த எண்ணெயில் உள்ள சரக்குதான். ஆனால் வலி குறையுமே தவிர ஓட்டை குறையாது. எண்ணெயை அதிகம் வைத்தால் ஈறு புண்ணாகும். காம்போசிட் ஒட்டுவதையும் அது கெடுக்கும். வைத்துக்கொண்டு போனால் டாக்டரிடம் சொல்லி விடுங்கள்.

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீர் என்று இழுத்து உடனே நின்று விட்டால் பெரும்பாலும் அடைப்போடு தப்பிக்கலாம். தானாகவே வலித்தாலோ, சூடான டீ குடித்தபின் வெகு நேரம் விண்விண் என்று தெறித்தாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ பற்கூழ் வரை போய்விட்டது என்று அர்த்தம். அதன் மேல் வெறும் சிமெண்ட் வைத்தால் வலி கூடும்.

கேப் போட ஏன் பல்லைச் சுற்றிச் சீவுகிறார்கள்?

வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் சுவர் மெலிந்து இருக்கும். கடித்தால் பிளக்கும். அதனால் கேப் போடுவார்கள். கேப்பின் கனத்துக்கு இடம் வேண்டாமா? அதற்காக மேலே ஒன்றரை முதல் 2 மில்லி மீட்டர் வரையும், சுற்றிலும் அதை விடக் குறைவாகவும் சீவுவார்கள். உலோகக் கேப்புக்குக் குறைவாகவும், பீங்கான் கேப்புக்குக் கூடுதலாகவும் சீவ வேண்டும். சுவர்கள் மேல்நோக்கி லேசாகத்தான் குறுக வேண்டும். கூம்பு போலச் சீவினால் கேப் கழன்று கையோடு வரும். ஈறுக்கு மேலே 2 மில்லி மீட்டராவது சொந்தப் பல் சுற்றிலும் நின்றால் கேப் உறுதியாக இருக்கும்.

குழந்தைகளுக்கு

2002-03-ல் இந்திய பல் மருத்துவக் கவுன்சில் எடுத்த தேசிய கணக்கெடுப்பில் 12 வயது குழந்தைகளில் பாதிப்பேருக்கு மேல் சொத்தைப் பல் இருந்தது. "பால் பல்தானே, விழுந்துரும்" என்று விடுவது தவறு. கடைவாய் பால் பற்கள் 10, 11 வயது வரை நிற்க வேண்டியவை. முன்கூட்டியே போனால் பின்னால் வரும் பல் கோணலாக முளைக்கும்.

குழந்தை மெஷின் சத்தத்துக்குப் பயந்தால் அதற்கும் வழி உண்டு. 1980-களில் ஆப்பிரிக்காவின் தான்சானியாவில், கரண்ட் இல்லாத கிராமங்களுக்காக ஒரு முறை கொண்டு வந்தார்கள். கைக்கருவியால் மட்டும் சொத்தையைச் சுரண்டி கிளாஸ் அயனோமர் வைப்பது. மெஷின் இல்லை, பெரும்பாலும் ஊசியும் இல்லை. இன்று பல நாடுகளில் இது நடைமுறையில் இருக்கிறது.

அடைத்த பிறகு கவனிக்க வேண்டியது

* வெள்ளி வைத்திருந்தால் ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கம் கடிக்கக்கூடாது.

* ஊசி போட்டிருந்தால் மரப்பு போகும் வரை சாப்பிடக்கூடாது. உதட்டையும் கன்னத்தையும் கடித்துக்கொள்வீர்கள்.

* கடிக்கும்போது அடைத்த இடம் மட்டும் முதலில் முட்டினால் மறுநாளே போங்கள். கார்பன் பேப்பரைக் கடிக்கச் சொல்லி, மேடு தெரியும் இடத்தைத் தேய்த்து விடுவார்கள். சின்ன வேலை. விட்டால் பல்லே வலிக்கும்.

* சில நாள் லேசான கூச்சம் இருக்கலாம். தானாக வலித்தால், வீங்கினால் உடனே போக வேண்டும்.

* அடைத்த பல்லுக்கும் பிரஷ் வேண்டும். அடைப்பைச் சுற்றி மறுபடி சொத்தை வரும். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் குழி கொஞ்சம் பெரிதாகும். சீவிய பல் திரும்ப வளராது.

எங்கே போவது?

க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியிலும், பெரியகுளம் மாவட்ட தலைமை அரசு ஆஸ்பத்திரியிலும் பல் மருத்துவப் பிரிவு உண்டு. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி பக்கத்தில் இருப்பவர்கள் உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் எந்த நாள் பார்க்கிறார், அடைப்பு செய்கிறார்களா என்று விசாரித்து விட்டுப் போனால் அலைச்சலும் ஒரு நாள் கூலியும் மிச்சம். மதுரையில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் சிகிச்சை செய்கிறார்கள். நேரம் கூடுதலாக ஆகலாம்.

சட்டப்படி பதிவு பெற்றவர்கள்தான் பல் வைத்தியம் பார்க்கலாம். படிக்காதவர் சொத்தையை எடுக்காமல் மேலே மூடி விட்டால், பூசிய சுவருக்குள் கரையானை விட்ட கதைதான். டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பு இல்லை. என்ன பொருள் வைக்கிறீர்கள், எத்தனை தடவை வர வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கேட்பதிலும் தப்பு இல்லை.

ஒரு கடைவாய்ப் பல் போனால் பக்கத்துப் பல் சாயும். எதிர்ப் பல் நீண்டு இறங்கும். ஒரு பக்கமாகவே மெல்ல வேண்டி வரும். கறுப்புப் புள்ளி தெரியும்போதே போனால் செலவு குறைவு, குடைவதும் குறைவு. வலி வரும் வரை காத்திருந்தால் ஒரு நாள் கூலியோடு முடியாது.